வீட்டில் பிரிட்டிஷ் சமையல்: ஐந்து உணவுகளில் எதில் தொடங்குவது?

நவம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும் பிரிட்டனில், ஓவனிலிருந்து கொதிக்கக் கொதிக்க மேசைக்கு வரும் சாப்பாட்டுக்கு ஈடே கிடையாது. பள்ளியில் ஷெப்பர்ட்ஸ் பை (கொத்துக்கறியின்மேல் மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி ஓவனில் வைப்பது) சாப்பிட்டுப் பழகிய பிள்ளைகள் வீட்டிலும் அதைக் கேட்கிறார்கள். படிக்க வந்தவர்கள், சூப்பர்மார்க்கெட்டின் ரெடி மீல் அலுத்துப்போய், தாங்களே செய்து பார்க்கலாமா என்று யோசிக்கிறார்கள். இரு தரப்பினரும் கேட்பது ஒன்றைத்தான்: எதில் தொடங்குவது?

ஷெப்பர்ட்ஸ் பை, டோட் இன் த ஹோல், லங்காஷயர் ஹாட்பாட், ஸ்டேக் அண்ட் ஏல் பை, ஃபிஷ் அண்ட் சிப்ஸ் என்று ஐந்தை எடுத்துக்கொண்டேன். பிரிட்டிஷ் சாப்பாடு சப்பென்று இருக்கும் என்று நம்மில் பலர் நினைப்பதற்குக் காரணம், கேன்டீனிலும் பிளாஸ்டிக் டப்பாவிலும் மட்டுமே அதைச் சாப்பிட்டிருப்பதுதான். கறியை நன்றாகச் சிவக்க வறுத்து, வெங்காயத்தைப் பொறுமையாக வதக்கி, உப்பைக் குறைக்காமல் போட்டால் இந்தச் சாப்பாட்டின் ருசி வேறு. வீட்டில் செய்தால்தான் அது கிடைக்கும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

முதலில் ஓவன். சமையல் குறிப்பில் 200 டிகிரி என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் சாதாரண ஓவனுக்கானது. ஃபேன் ஓவனில் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்; கேஸ் ஓவனில் அது மார்க் 6. வாடகை வீட்டுப் பழைய ஓவனின் கதவு சரியாக மூடாவிட்டால் சில உணவுகள் தப்பிக்கும், சில தப்பிக்காது.

இரண்டாவது, நேரம். உங்கள் கை வேலை செய்யும் நேரம் வேறு, ஓவன் வேலை செய்யும் நேரம் வேறு. மூன்று மணி நேரம் ஆகும் ஹாட்பாட்டில் உங்களுக்கு அரை மணி வேலைதான். ஒன்றேகால் மணியில் முடியும் ஃபிஷ் அண்ட் சிப்ஸில் முழு நேரமும் அடுப்பை விட்டு நகர முடியாது.

மூன்றாவது, சின்னத் தவறு நடந்தால் தாங்குமா என்பது. நான்காவது, மறுநாள் சாப்பிட முடியுமா என்பது. வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிற வீட்டில் இதன் மதிப்பு பெரிது.

ஐந்தாவது, யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்பது. மாட்டிறைச்சி, பன்றி, மது ஆகியவை கண்ணுக்குத் தெரிந்தவை. தெரியாமல் உள்ளே இருப்பவையும் உண்டு. வூஸ்டர் சாஸ் என்ற புளிப்புச் சாஸில் நெத்திலி மீன் இருக்கிறது. மாவு, முட்டை, பால் கரைத்து ஓவனில் உப்ப வைக்கும் யார்க்‌ஷயர் புட்டிங்கைப் பழைய முறையில் செய்தால் மாட்டுக் கொழுப்பு சேரும்.

| உணவு | கை வேலை | மொத்த நேரம் | தவறைத் தாங்குமா | மறுநாளுக்கு |
|---|---|---|---|---|
| ஷெப்பர்ட்ஸ் பை | முக்கால் மணி | ஒன்றே முக்கால் மணி | நன்றாகத் தாங்கும் | ஃப்ரீசரில் வைக்கலாம் |
| டோட் இன் த ஹோல் | கால் மணி | ஒன்றேகால் மணி | தாங்காது | உடனே சாப்பிட வேண்டும் |
| லங்காஷயர் ஹாட்பாட் | அரை மணி | மூன்று மணிக்கு மேல் | மிக நன்றாகத் தாங்கும் | ருசி கூடும் |
| ஸ்டேக் அண்ட் ஏல் பை | ஒரு மணி | நாலு மணி வரை | ஓரளவு | உள்ளீடு நன்றாக இருக்கும், மேல்மாவு நமத்துப்போகும் |
| ஃபிஷ் அண்ட் சிப்ஸ் | ஒரு மணி | ஒன்றேகால் மணி | தாங்காது | வீண் |

## ஷெப்பர்ட்ஸ் பை

முதல்முறை சமைப்பவர் யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன். கொத்துக்கறி சமைத்துப் பழகிய கைக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும்.

நாலு பேருக்கு அரை கிலோ லாம்ப் (இளம் செம்மறியாட்டு) கொத்துக்கறி, ஒரு பெரிய வெங்காயம், இரண்டு கேரட், ஒரு தண்டு செலரி, ஒரு மேசைக்கரண்டி தக்காளி பியூரே, ஒரு மேசைக்கரண்டி மைதா, 400 மில்லி ஸ்டாக், கொஞ்சம் தைம், ஒரு பிரிஞ்சி இலை, ஒரு மேசைக்கரண்டி வூஸ்டர் சாஸ். மேலே போட 900 கிராம் உருளைக்கிழங்கு, 60 கிராம் வெண்ணெய், கொஞ்சம் சூடான பால்.

கறியை மொத்தமாகக் கொட்டினால் நீர் விட்டு வேகுமே தவிர வறுபடாது. இரண்டு தடவையாகப் போட்டு, அகலமான வாணலியில், எண்ணெயே இல்லாமல் அடி சிவக்கும்வரை கிளறாமல் விடுங்கள். லாம்ப் நிறையக் கொழுப்பு விடும்; அதில் பாதியை வடித்துவிட்டு மீதியில் காய்களை வதக்குங்கள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, கரண்டியால் இழுத்தால் வாணலியின் அடி தெரியும் அளவுக்கு, அரை மணிக்கு மேல் சின்னத் தீயில் சுண்ட விட வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கிழங்கு உள்ளே மூழ்கிவிடும். கறியைக் கொஞ்சம் ஆற விட்டு அதன்மேல் கிழங்கைப் பரப்பினால் இரண்டும் தனித்தனி அடுக்காக நிற்கும்.

உருளைக்கிழங்கில் வகை முக்கியம். மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் இரண்டும் மாவுத்தன்மை உள்ளவை, மசிக்க ஏற்றவை. ஷார்லட் மாதிரி வழவழப்பானவை சாலட்டுக்கு நல்லது, இதற்கு ஆகாது. குளிர்ந்த உப்புத் தண்ணீரில் போட்டு வேகவைத்து, வடித்து, ஆவி போகும்வரை வெறும் பாத்திரத்திலேயே விட்டு, கையால் மசியுங்கள். மிக்சியில் அடித்தால் பசையாகிவிடும். ஃபோர்க்கால் மேலே கோடு போட்டு 200 டிகிரியில் அரை மணி வைத்தால் அந்த வரிகள் முறுகி வரும்.

மறைவான செலவு என்று பார்த்தால், லாம்ப் கொத்துக்கறி மாட்டுக் கொத்துக்கறியைவிட விலை கூடுதல். கழுவ மூன்று பாத்திரம் சேரும். வெளியே சாப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: காட்டேஜ் பை என்றால் அது மாட்டிறைச்சி. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பள்ளியிலோ பப்பிலோ கேட்டு வாங்குவது நல்லது. வான்கோழிக் கொத்துக்கறியில் செய்கிறவர்களும் உண்டு. அதில் கொழுப்பு குறைவு, வறண்டுவிடும். வெண்ணெய் சேர்த்தால்தான் தேறும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுத்தொடை ரோஸ்ட் செய்கிற வீடு என்றால் கணக்கே மாறிவிடும். மீந்த கறியைப் பொடியாக நறுக்கிச் செய்வதுதான் இதன் பழைய முறை. அப்போது கால் மணி கொதித்தால் போதும், கறிக்குத் தனிச் செலவும் இல்லை. பிள்ளைகள் உள்ள வீடு, இரவுப் பணி பார்ப்பவர்கள், வாரத்துக்கு ஒரே நாள் சமைக்க முடிகிறவர்கள் எல்லாருக்கும் இதுதான் சரி. இரண்டு டிரேயாகச் செய்து ஒன்றை ஃப்ரீசரில் வைத்துவிடலாம்.

## டோட் இன் த ஹோல்

சாஸேஜை ஓவனில் வறுத்து, அதன்மேல் யார்க்‌ஷயர் புட்டிங் கரைசலை ஊற்றி உப்ப வைப்பது. பொருள் செலவு ஐந்திலும் இதற்குத்தான் குறைவு: எட்டு சாஸேஜ், 140 கிராம் மைதா, நாலு முட்டை, 200 மில்லி பால், உப்பு. நீர்தோசைக்குக் கரைப்பதைவிடச் சற்றே கெட்டியாகக் கரைத்து அரை மணி வைத்துவிட வேண்டும்.

இது உப்புவதற்கு பேக்கிங் பவுடர் காரணமில்லை. சூடான கொழுப்பில் கரைசல் விழுந்ததும் அடிப்பக்கம் உடனே இறுகுகிறது; உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி மாவைத் தூக்குகிறது. சூடு குறைந்தால் எல்லாமே குறையும். அதனால் உலோக டிரே வேண்டும்; கண்ணாடியும் பீங்கானும் அவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்தாது. ஓவன் 220 டிகிரியில் முழுதாகச் சூடேறியிருக்க வேண்டும். சூரியகாந்தி எண்ணெயோ ரேப்சீட் எண்ணெயோ இரண்டு மூன்று கரண்டி விட்டு, சாஸேஜை இருபது நிமிடம் வறுத்து, எண்ணெய் லேசாகப் புகையும்போது கரைசலை ஊற்றிக் கதவை மூடுங்கள். முதல் இருபது நிமிடம் எட்டிப் பார்க்கவே கூடாது. அரை மணிக்குள் ஓரமெல்லாம் எழும்பிப் பொன்னிறமாகிவிடும். யார்க்‌ஷயர் புட்டிங் நாலு அங்குல உயரமாவது எழும்ப வேண்டும் என்று பிரிட்டனின் வேதியியல் சங்கமான ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி 2008-இல் அறிவித்தது. டிரேயில் மொத்தமாகச் செய்யும்போது அவ்வளவு உயரத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஓரம் எழும்பி நடு மெத்தென்று இருந்தால் வெற்றிதான்.

மறைவான செலவு மூன்று. ஓவன் கதவு கசிந்தால் என்ன செய்தாலும் தட்டையாகத்தான் வரும். மலிவான சாஸேஜ் நீர் விட்டு எண்ணெயைக் குளிரவைக்கும். மூன்றாவது கிரேவி: இந்த உணவு தன்னளவில் வறட்சியானது, வெங்காய கிரேவி இல்லாமல் நிறைவு பெறாது. மூன்று வெங்காயத்தை அரை மணி வதக்கும் வேலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே சாஸேஜ் என்றால் பொதுவாகப் பன்றிதான். வேண்டாதவர்களுக்கு ஹலால் கடைகளில் கோழி, லாம்ப் சாஸேஜ் கிடைக்கும். கொழுப்பு குறைவாக இருந்தால் டிரேயில் எண்ணெயைக் கூட்டுங்கள்.

வார நாள் இரவுக்கு, வீட்டில் எல்லாரும் ஏற்கெனவே இருக்கும்போது, இதைவிடச் சுலபமானது எதுவும் இல்லை. ஆனால் ஓவனிலிருந்து எடுத்த பத்து நிமிடத்தில் அமுங்கிவிடும். "இதோ வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டு ஒரு மணி கழித்து வரும் விருந்தாளிகளுக்கு இதைச் செய்யாதீர்கள்.

## லங்காஷயர் ஹாட்பாட்

அப்படிப்பட்ட விருந்தாளிகளுக்கு ஹாட்பாட்தான். அரை மணி தாமதமானாலும் ஒன்றும் ஆகாது. இங்கிலாந்தின் வடமேற்கில் பருத்தி ஆலைகள் நிறைந்த பகுதியில் வேரூன்றிய உணவு இது. கடினமான, மலிவான ஆட்டுக்கறியை மெதுவாக வேகவிட்டு மிருதுவாக்குவதுதான் இதன் உயிர்.

ஒரு கிலோ கழுத்துக்கறி, மூன்று வெங்காயம், ஒரு கிலோ உருளைக்கிழங்கு, அரை லிட்டர் ஸ்டாக், பிரிஞ்சி இலை, தைம். கறியை வறுத்து, வெங்காயத்தை வதக்கி, மேலே கிழங்கை மெல்லிய வில்லைகளாக ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி அடுக்கி, வெண்ணெய் தடவி மூடி 160 டிகிரியில் இரண்டு மணி நேரம். கடைசி அரை மணி மூடியை எடுத்துவிட்டு 200-க்கு ஏற்றினால் மேல் வில்லைகள் முறுகும். கிழங்கை நறுக்கிய பின் கழுவாதீர்கள். அந்த மாவுச்சத்துதான் குழம்பைக் கெட்டியாக்கும்.

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ இருப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பெரிய சூப்பர்மார்க்கெட்டில் லாம்ப்தான் கிடைக்கும். ஹலால் கசாப்புக் கடையில் எலும்போடு மட்டன், அதாவது முதிர்ந்த செம்மறியாட்டுக் கறி, கிடைக்கும். ஹாட்பாட்டுக்கு மட்டன்தான் பழைய முறை, ருசியும் அதில்தான் அதிகம். ஒரு மணி நேரம் கூடுதலாக வேகவிடுங்கள்.

செலவு மின்சாரத்தில் வருகிறது. இரண்டரை, மூன்று மணி நேரம் ஓவன் ஓடுகிறது. அதே நேரத்தில் கீழ்த்தட்டில் ஒரு அரிசி புட்டிங்கை வைத்துவிட்டால் அந்தச் சூடு வீணாகாது. ஸ்லோ குக்கரில் செய்தால் மின்சாரம் மிச்சம், ஆனால் கிழங்கு முறுகாது. கடைசியில் கிரில்லுக்கு அடியில் காட்ட வேண்டும். விலை உயர்ந்த வார்ப்பிரும்புப் பாத்திரம் தேவையே இல்லை. ஆழமான டிரேயை ஃபாயிலால் இறுக்கி மூடினால் போதும்.

ருசிக்கும் உழைப்புக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், ஐந்தில் என் மனம் சாய்வது இதன் பக்கம்தான். நேரம் இருக்கும் ஞாயிறு என்றால் ஷெப்பர்ட்ஸ் பையைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு இதைச் செய்யலாம்.

## ஸ்டேக் அண்ட் ஏல் பை

மாட்டிறைச்சியை பீரில் வேகவைத்து, மேலே மாவால் மூடி ஓவனில் சுடுவது என்பதால் நம் வீடுகளில் பாதிப்பேருக்கு இது பட்டியலிலேயே இருக்காது. சமைத்தால் மது முழுக்க ஆவியாகிவிடும் என்று சொல்வதும் சரியில்லை, கொஞ்சம் தங்கும்.

சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை போதும். கசப்பு அதிகமான ஐபிஏ வகை பீரை ஊற்றாதீர்கள், சுண்டச் சுண்டக் கசப்பு ஏறும். இனிப்புச் சாயல் உள்ள பிரவுன் ஏல் வேண்டும். உள்ளீடு முழுதாக ஆறிய பிறகுதான் மேல்மாவை மூட வேண்டும், இல்லாவிட்டால் வெண்ணெய் உருகி மாவு எழும்பாது. சனிக்கிழமை கறி, ஞாயிற்றுக்கிழமை மாவு என்று பிரித்துக்கொண்டால் வேலை பளுவாகத் தெரியாது. மேல்மாவைக் கடையில் உருட்டிய பஃப் பேஸ்ட்ரியாக வாங்குங்கள். கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஏற்றது. முதல் முயற்சிக்கு வேண்டாம்.

## ஃபிஷ் அண்ட் சிப்ஸ்

மாவில் தோய்த்துப் பொரித்த மீனும், நீளமாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கும். எல்லாரும் முதலில் ஆசைப்படுவது இதற்குத்தான். இதை மட்டும் கடையில் வாங்குங்கள் என்பேன். ஜோசப் மாலின் என்ற யூதர் 1860 வாக்கில் கிழக்கு லண்டனில் கடை திறந்ததாகச் சொல்வார்கள். லங்காஷயரின் மாஸ்லியில் ஜான் லீஸ் என்பவர் 1863 வாக்கில் விற்றதாக இன்னொரு உரிமைக்குரல் உண்டு. எப்படிப் பார்த்தாலும் பிறந்ததிலிருந்தே இது கடைச் சாப்பாடு. பெரிய எண்ணெய்த் தொட்டியில், குளிர்ந்த மீனைப் போட்டாலும் சூடு இறங்காது. வீட்டு வாணலியில் இரண்டு துண்டு போட்டாலே எண்ணெய் குளிர்ந்து, மாவு முறுகாமல் எண்ணெய் குடிக்கும்.

சிப்ஸை இருமுறை பொரிக்க வேண்டும்: 130, 140 டிகிரியில் உள்ளே வேகும்வரை ஒருமுறை, 180-இல் சிவக்கும்வரை மறுமுறை. அதற்குள் மீன் ஆறும். மீனைப் பார்த்தால் சிப்ஸ் ஆறும்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் தீ. பொரிக்கும் பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் ஊற்றக் கூடாது, அடுப்பை விட்டு நகரவும் கூடாது. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. முடிந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, கதவை மூடி வெளியேறி 999-ஐ அழையுங்கள். பலர் சேர்ந்து வாழும் வாடகை வீட்டில் இந்த ஆபத்து எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

மீந்த எண்ணெயையும் யோசிக்க வேண்டும். சிங்கில் ஊற்றினால் குழாயில் உறைந்து அடைக்கும். 2017-இல் லண்டன் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, சுமார் 130 டன் எடையில் கொழுப்பும் ஈரத் துடைப்புத் தாள்களும் சேர்ந்த கட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஆறிய எண்ணெயை பாட்டிலில் அடைத்து, உங்கள் கவுன்சில் சொல்லும் இடத்தில் கொடுங்கள்.

வீட்டில் செய்வதே நல்லது என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வட இங்கிலாந்தில், குறிப்பாக யார்க்‌ஷயரில், பல கடைகள் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கின்றன. வெறும் சிப்ஸ்தானே என்று சைவர்கள் வாங்கிவிடுகிறார்கள். "எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடை பக்கத்தில் இல்லையென்றால், சிப்ஸை ஓவனில் செய்துகொள்ளலாம்.

மீனே வேண்டும் என்றால் ஃபிஷ் பை செய்யுங்கள். காட், சால்மன், புகையில் பதப்படுத்திய ஹாடக் மூன்றும் கலந்த பாக்கெட் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும். வெள்ளை சாஸில் போட்டு, ஷெப்பர்ட்ஸ் பைக்குச் செய்த அதே கிழங்கை மேலே பரப்பினால் முடிந்தது.

## சைவ வீட்டுக்கு

கறிக்குப் பதில் சோயா என்று நேராக மாற்றுவதைவிட, ஷெப்பர்ட்ஸ் பையில் பச்சைப் பயிறு அளவுள்ள பச்சை லென்டிலும் நன்றாக வறுத்த காளானும் சேர்த்துப் பாருங்கள். காளானை நீர் வற்றிச் சிவக்கும்வரை வறுத்தால் கறியின் ஆழம் வந்துவிடும். வூஸ்டர் சாஸுக்கு நெத்திலி இல்லாத சைவ வகை கிடைக்கிறது.

வேல்ஸின் கிளமார்கன் சாஸேஜ், சீஸும் லீக்ஸும் பிரெட் தூளும் சேர்ந்த பழைய சைவப் பண்டம். வெங்காய கிரேவியோடும் மசித்த கிழங்கோடும் அருமையாக இருக்கும். முட்டை சாப்பிடாத வீட்டில் டோட் இன் த ஹோலை விட்டுவிடுங்கள், முட்டையில்லாமல் அந்த எழுச்சி வராது. அவர்களுக்கு காலிஃபிளவர் சீஸ் போதும். சீஸ் வாங்கும்போது சைவம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்; சிலவற்றில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னட் சேர்த்திருப்பார்கள்.

## காரம் சேர்க்கலாமா?

முதல் தடவை வேண்டாம். மிளகாய்த்தூளும் கரம் மசாலாவும் போட்டால் நல்ல கொத்துக்கறி கிடைக்கும், ஷெப்பர்ட்ஸ் பை கிடைக்காது. அப்புறம், நம் நாக்குக்கு வேண்டியது இதற்குள்ளேயே இருக்கிறது. 1837 முதல் விற்கும் லீ அண்ட் பெரின்ஸ் வூஸ்டர் சாஸில் புளி சேர்கிறது. ஹெச்பி சாஸிலும் அப்படியே. கொதிக்கும் கறியில் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினால் அந்தப் புளிப்பு தெரியும்.

உறைப்பு வேண்டுமென்றால் மிளகைத் தாராளமாகப் பொடித்துப் போடுங்கள், தட்டின் ஓரத்தில் இங்கிலிஷ் கடுகு வையுங்கள்; அதன் காட்டம் மூக்குவரை ஏறும். ஹாட்பாட்டோடு வினிகரில் ஊறிய சிவப்பு முட்டைக்கோஸ் வைப்பது அந்த ஊர் வழக்கம். கொழுப்புள்ள மட்டனுக்கு அதுதான் பொருத்தம். ஒரு பாட்டில் வாங்கினால் பல வாரத்துக்கு வரும்.